பியானோ கதிரையில் ஏறுமுன்: வாசகர் கேள்விகளும் ரீச்சரின் பதில்களும்

சிறு பிள்ளைகளுக்குப் பியானோ பழக்குவது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூன்றே விஷயங்கள்: எத்தனை வயதில் சேர்ப்பது, எதை வாங்குவது, பரீட்சைக்கு எப்போது அனுப்புவது. பிள்ளையின் இசைக் காதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியவர் ஒரேயொருவர், அதுவும் ஓர் அம்மம்மா. அவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதப் போகிறேன், ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்கு வரும் மாசியில் நான்கு வயது. நேசரியில் அவளோடு இருக்கும் பிள்ளை ஏற்கெனவே பியானோ வகுப்புக்குப் போகிறதாம். இப்போதே சேர்க்காவிட்டால் பிந்திவிடுமா, ரீச்சர்?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பிந்தாது, அம்மா. ஐந்தரை, ஆறு வயதில் தொடங்குகிற பிள்ளை நான்கு வயதில் தொடங்கிய பிள்ளையை ஒரு வருடத்துக்குள் எட்டிப் பிடிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஏழு, எட்டு வயதும் நல்ல வயதுதான்.

வயதை விட நான் பார்ப்பது வேறு சில. இடது கை எது, வலது கை எது என்று யோசிக்காமல் காட்டுகிறாளா? பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கிறாளா? மேசையில் கையை வைத்து, மற்ற விரல்கள் கூட எழும்பாமல் ஒரு விரலை மட்டும் தூக்க முடிகிறதா? நான்கு வயதில் பல பிள்ளைகளுக்கு விரலின் நுனி மூட்டு உள்பக்கமாக மடிந்துவிடும். அது குறையில்லை, எலும்பும் தசையும் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி வயலினுக்காக உருவாக்கி, பிறகு பியானோவுக்கும் வந்த முறையில் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்குவார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே தாயோ தகப்பனோ வகுப்பில் கூடவே இருந்து பழக வேண்டும். நோட்டுப் பார்த்து வாசிப்பது பின்னால்தான் வரும், முதலில் கேட்பது. இதை விட்டுவிட்டு ‘மூன்று வயதில் சேர்க்கலாமாம்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன பயன்?

இந்த இடைப்பட்ட காலத்தில் வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. பாட்டுக்குக் கை தட்டுங்கள். தாளத்துக்கு நடக்க விடுங்கள், நீங்கள் பாட்டை நிறுத்தும்போது அவளும் நிற்க வேண்டும். என் அறைக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. ரயில் வந்தால் பாடத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் ‘ஹோர்ன் சத்தம் மேலேயா கீழேயா, பாடிக் காட்டுங்கோ’ என்று பிள்ளைகளைக் கேட்பேன். இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

தெஹிவளையில் தொடர்மாடி, ஐந்தாம் மாடி. 61 கீ உள்ள கீபோர்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது போதுமா, டிஜிட்டல் பியானோ வாங்க வேண்டுமா? மேல் வீட்டுக்காரரின் முறைப்பாடும் பயமாக இருக்கிறது.
— ஐந்து வயது மகனின் தகப்பன், தெஹிவளை

முதல் சில மாதங்களுக்கு இருக்கிற கீபோர்டே போதும், தம்பி. அதற்கு மேல் போதாது. முழுப் பியானோவில் 88 கீ, 52 வெள்ளை, 36 கறுப்பு. ஆனால் எண்ணிக்கையல்ல பிரச்சினை, சின்னவருக்கு நடுவில் உள்ள கொஞ்சக் கீ தான் தேவை. பியானோவில் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஓசை, வேகமாக அழுத்தினால் பெரிய ஓசை. மலிவான கீபோர்ட் சிலவற்றில் எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்தான். அதில் ஒரு வருடம் பழகிய கை, பியானோவில் வைத்ததும் மாவு பிசைவது போல அழுத்தும். திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆகவே வாங்குவதானால் 88 கீயும் வெயிட்டட் ஆனதா, அதாவது பியானோக் கீ போலப் பாரம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டம் காணாத நிலையான ஸ்டாண்டும் வேண்டும். முன்னூறு வகைச் சத்தம், இருநூறு வகை ரிதம் என்று விற்பனையாளர் அழுத்திக் காட்டுவார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வெயிட்டட் கீ பற்றி மறுபடி கேளுங்கள். காது எனக்கு முக்கியம் என்பதால் இன்னொன்றும்: நாள் முழுக்க ஹெட்போனோடு பழக விடாதீர்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் ஸ்பீக்கரில் வாசித்தால் எந்த அயலவரும் பொலிசுக்குப் போகமாட்டார். உண்மையில் கீழ்வீட்டுக்காரரைத்தான் நீங்கள் நினைக்க வேண்டும். ஹெட்போன் போட்டிருந்தாலும் கீ தட்டுகிற ‘டக் டக்’ தரை வழியாக இறங்கும். கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும் குடும்பமொன்று பழைய பியானோவைச் சும்மாவே தருகிறார்கள். லண்டனில் செய்ததாம். எடுக்கலாமா?
— பம்பலப்பிட்டி

சும்மா கிடைக்கும் பியானோதான் கொழும்பில் அதிகம் செலவு வைக்கும் பியானோ.

நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோ 200 கிலோவுக்கு மேல் நிறை வரும். உங்கள் லிப்டின் கதவு அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். படியால் தூக்குவதென்றால் அந்த வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும். வீடு மாற்றும் லொறிக்காரர் ‘செய்யலாம் சேர்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு உள்ளே பாருங்கள். மேல் மூடியைத் திறந்து டோர்ச் அடியுங்கள். கம்பிகளில் துரு ஏறியிருக்கிறதா? நம் ஊரில் ஈரப்பதன், அதோடு காலி வீதிக்குக் கடற்பக்கமென்றால் உப்புக் காற்றும். சுத்தியலின் ஃபெல்ட்டை, அதாவது கம்பளி உறையை, பூச்சி தின்றிருக்கிறதா? கீழ்ப்பலகையைக் கழற்றினால் எலிக்கூடு வருவதும் உண்டு, பயப்பட வேண்டாம். கறையான் இருந்தால் மட்டும் வாசலோடு திரும்பிவிடுங்கள், அது உங்கள் அலுமாரிக்கும் வரும். கம்பிகள் இருநூறுக்கு மேல், அவற்றின் இழுவை மொத்தம் பல தொன். அதைத் தாங்குவது உள்ளேயிருக்கிற இரும்புச் சட்டம். அதில் வெடிப்பு இருந்தால் பேச்சே வேண்டாம். கம்பி சுற்றியிருக்கும் ஆணிகள் மரத்தில் இளகிவிட்டால் எத்தனை தரம் ரியூன் பண்ணினாலும், அதாவது சுருதி சேர்த்தாலும், நிற்காது. பழைய பியானோ பல, சுருதி அரைத்தானம், அதாவது அடுத்த கீயளவு, கீழே இறங்கிக் கிடக்கும். அதை ஒரேயடியாக மேலே இழுத்தால் துருப்பிடித்த கம்பி அறும். இதையெல்லாம் நீங்களாகத் தீர்மானிக்க முடியாது. ரியூன் பண்ணுபவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் சொல்கிற செலவைக் கேட்டுவிட்டு அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

எல்லாம் சரியென்றால் எடுங்கள், சந்தோஷமாக எடுங்கள். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடம் நடந்தது என் பழைய மரப் பியானோவில்தான். வெளிச்சுவரோடும் யன்னலோடும் ஒட்டி வைக்காதீர்கள். ஏசி காற்று நேரே படவும் கூடாது. ஈரத்தைப் போக்க உள்ளே ஒரு சின்ன பல்ப் எரியவிடும் பழக்கம் முன்பு பல வீடுகளில் இருந்தது. இந்தக் காலத்து எல்இடி பல்ப் அதற்கு உதவாது, அதில் போதிய சூடில்லை. கம்பியையும் ஃபெல்ட்டையும் தொடாமல் எங்கே, எப்படிப் பொருத்துவது என்று ரியூன் பண்ணுபவரிடமே கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு தரமாவது ரியூன் பண்ண வேண்டும். சுருதி குலைந்த பியானோவில் பழகும் பிள்ளை அந்தக் குலைந்த சுருதியையே சரியென்று மனதில் வைத்துக்கொள்ளும்.

பேத்திக்கு ஏழு வயது. வாய்ப்பாட்டு மூன்று வருடமாகப் படிக்கிறாள், நல்ல சுருதி. இப்போது மகள் பியானோவும் வேண்டுமென்று நிற்கிறாள். பியானோ பழகினால் பிள்ளையின் சுருதி ஞானமும் கமகமும் கெட்டுவிடாதா?
— ஓர் அம்மம்மா, வெள்ளவத்தை

அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பியானோவில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரை, பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு வழுக்கிப் போக வழியில்லை, ஆகவே சுவரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுகிற கமகம் அதில் வராது. தம்புராவோடு ஒட்டி நின்று பாடும்போது அந்தர காந்தாரம் என்ற க பியானோவின் காந்தாரத்தை விடச் சற்றுக் கீழே நிற்கும். நல்ல காதுள்ளவருக்கு அந்த வித்தியாசம் கேட்கும். கமகம் நிறைந்த தோடி ராகத்தைப் பியானோவில் வாசித்துக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

ஆனால் பிள்ளை குழம்பாது. கொழும்புப் பிள்ளை வீட்டில் தமிழும் வான்கார அங்கிளோடு சிங்களமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறது. ஒன்றின் உச்சரிப்பு மற்றதில் ஏறாமல் அதற்கு வைத்துக்கொள்ளத் தெரியும். இசையிலும் அப்படித்தான், ஒரு நிபந்தனையோடு: வாய்ப்பாட்டு தம்புராவுடனேயே நடக்கட்டும். பியானோவைச் சுருதிப் பெட்டியாகப் பாவித்துக் கீர்த்தனை பாட விடாதீர்கள்.

இரண்டும் சந்திக்கும் இடங்களை நான் பாடத்தில் ஒளிப்பதில்லை. சுருதியில் நீங்கள் ஒரு கட்டை என்று சொல்வது பியானோவில் சி. ஐந்து கட்டை ஜி. பேத்தி ஐந்து கட்டையில் பாடுகிறாள் என்றால் அவளுடைய ஸட்ஜம், அதாவது ஸ, எந்தக் கீ என்று முதல் நாளே தேடச் சொல்வேன். சி-யிலிருந்து வெள்ளைக் கீயாகவே மேலே போனால் அது சங்கராபரண ராகம். அவள் சரளி வரிசை பாடிய மாயாமாளவகௌளை ராகத்துக்கு, சி-யை ஸட்ஜமாக வைத்தால் ஐந்து வெள்ளையும் இரண்டு கறுப்பும். அந்த இரண்டு கறுப்பும் எவை? ரிஷபமும் தைவதமும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். முத்துசாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு அமைத்த நோட்டு சுவர சாகித்தியங்கள் எல்லாம் சங்கராபரணத்தில்தான். அவளுக்கு அவற்றில் ஒன்று பாடமாக இருந்தால், முதல் மாதமே வெள்ளைக் கீயில் வாசித்து உங்களுக்குக் காட்டுவாள்.

சுருதியோடு பாடத் தெரிந்து வருகிற பிள்ளை எனக்குப் பாதி வேலை முடிந்த பிள்ளை. பிழையான கீயில் விரல் விழுந்தால் நான் சொல்லுமுன் அவளே முகத்தைச் சுளிப்பாள். வட இலங்கை சங்கீத சபைத் தரப் பரீட்சையும் பியானோப் பரீட்சையும் ஒரே வருடத்தில் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஆறு வயது, வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். கிறேட் 1 எப்போது எடுக்கலாம்? ரீச்சர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கிறா இல்லை.
— மட்டக்குளி

உங்கள் ரீச்சரை எனக்குப் பிடித்திருக்கிறது.

லண்டன் பரீட்சைகள், அதாவது ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிட்டி இரண்டும், இங்கே பல தலைமுறையாகப் பழக்கமானவை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். தொடங்கியதே 1889இல். அவற்றை நான் குறை சொல்லவில்லை, என் பிள்ளைகளையும் அனுப்புகிறேன். ஆனால் ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேர்முகப் பரீட்சையில் மொத்தப் புள்ளி 150. வாசிக்கும் மூன்று உருப்படிக்கும், அதாவது மூன்று பீஸுக்கும், 30 வீதம் 90. ஸ்கேலுக்கு, அதாவது சுவர வரிசைக்கு, 21, முன்பின் பார்க்காததை உடனே வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுச் செய்து காட்டுவதற்கு 18. சித்தியடைய 100 வேண்டும். ஆகவே மூன்று பீஸையும் ஒரு வருடம் மனப்பாடமாக உருப்போட்டு, மூன்றிலும் முழுப் புள்ளி வாங்கினாலும் அது 90 தான்! பிள்ளையை வருடம் முழுக்க மூன்று பீஸில் கட்டிப்போடுகிற வீடுகளுக்கு இந்தக் கணக்கு ஏனோ கண்ணில் படுவதில்லை. நான்கு பீஸ் வாசித்து வீடியோவாக அனுப்பும் இன்னொரு வகைப் பரீட்சை 2020இல் வந்திருக்கிறது. அதில் ஸ்கேல் இல்லை, காதுப் பகுதியும் இல்லை. வசதிதான். எனக்கு அது சின்னவர்களுக்கு உகந்ததாகப் படவில்லை.

கிறேட் 1க்கு முன்னால் இனிஷியல் கிறேட் என்று ஒன்றும் உண்டு. எந்தக் கிறேட்டுக்கும் வயதுக் கட்டுப்பாடில்லை, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டுமென்ற விதியும் இல்லை. கிறேட் 5 தியரி மட்டும் கவனம்: அது இல்லாமல், அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறொன்று இல்லாமல், கிறேட் 6க்குப் போக முடியாது. மகன் புத்தகத்தைத் திறந்து புதிதாக நான்கு வரியைத் தானே வாசித்துப் பிடிக்கிற நாள் வரட்டும். அன்றைக்கு ரீச்சரே பேச்செடுப்பா.

புலமைப்பரிசில் வருடத்தில் வகுப்பை நிறுத்தலாமா என்று வேறு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பரீட்சையை நிறுத்துங்கள், பியானோவை நிறுத்த வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒரு வகுப்பு, நாளுக்குப் பத்து நிமிடம், தனக்குப் பிடித்ததை வாசிக்கட்டும். காலை ரியூஷன், மாலை ரியூஷன் என்று ஓடுகிற பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடமாவது யாரும் புள்ளி போடாமல் இருக்கட்டும்.

வீட்டில் பழகச் சொன்னால் ஆறு வயது மகள் அழுகிறாள். வகுப்பில் ஒரு பிரச்சினையும் இல்லையாம். அடித்துத்தான் பழக்க வேண்டுமா?
— கொட்டாஞ்சேனை

வேண்டாம். எங்கள் காலத்தில் புறங்கையில் அந்தச் சதுர ஐந்து சதக் குற்றியை வைத்துவிட்டு, விழுந்தால் அடிமட்டத்தால் ஒன்று. கை ஆடாமல் இருந்தது உண்மைதான். கல்லாகவும் இருந்தது.

எப்போது பழகச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளி வானில் ஒரு மணி நேரம் புழுங்கி வந்த பிள்ளையை உடனே இருத்தினால் யாரும் அழுவார்கள். தேத்தண்ணி குடித்து, சற்று விளையாடிய பிறகு, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம். ஆறு வயதுக்கு அது போதும். ஞாயிறு ஒரு மணி நேரம் இருத்துவதை விட அது பெரிது.

நீங்கள் குசினியிலிருந்து ‘இன்னொருக்கா வாசி’ என்று கூப்பிடுகிறீர்களா, பக்கத்தில் இருக்கிறீர்களா? வகுப்பில் அழாததற்குக் காரணம் அங்கே பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதுதான். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் போய் இருங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, ‘இதை எனக்குச் சொல்லித் தாருங்கோ’ என்று கேளுங்கள். முழுப் பீஸையும் தொடக்கத்திலிருந்து வாசிக்க வைக்காதீர்கள். தடக்குகிற இரண்டு பாரை (நோட்டில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதியை) மட்டும், வலது கையால் தனியாக, இடது கையால் தனியாக, பிறகு சேர்த்து. முடிக்கும்போது அவளுக்கு நன்றாக வருகிற பழைய ஒன்று.

கதிரையையும் பாருங்கள். முழங்கை கீயின் மட்டத்துக்கு வர வேண்டும், கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. தடித்த பழைய ரெயின்போ பேஜஸ் தொலைபேசிப் புத்தகங்கள் வீட்டில் கிடந்தால் காலுக்குக் கீழே வையுங்கள், வேறெதற்கு அவை? பல அழுகைக்குக் காரணம் முதுகு வலி.

ரீச்சர், எனக்கு எட்டு வயது. சூன் பாண் ஓட்டோவில் வரும் பாட்டைப் பியானோவில் வாசிக்க ஆசை. எங்கள் மிஸ் அது கஷ்டம் என்று சொல்கிறா.
— கிருலப்பனை

மகன், மிஸ் சொல்வது சரி, ஆனால் முழுவதும் கஷ்டமில்லை. பாண்கார அங்கிள் ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு வருவது பேத்தோவன் 1810இல் எழுதிய ஃபியூர் எலிசே. அவர் இருக்கும்போது அது அச்சில் வரவேயில்லை, இறந்து நாற்பது வருடம் கழித்து 1867இல்தான் வந்தது. நடுவில் வரும் பகுதிகள் பெரிய பிள்ளைகளுக்கே வியர்க்க வைக்கும். முதல் வரி உங்களுக்கு வரும். மிடில் சி-க்கு, அதாவது கீகளின் நடுவிலுள்ள சி-க்கு, மேலே உள்ள ஏ-யில் வலது கைப் பெருவிரலை வையுங்கள். கை நகராமலே வாசிக்கலாம்: ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப், ஈ, பி, டி, சி, ஏ. தொடங்குவது சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும், இரண்டும் சோம்பேறிகள். ஆகவே ஓட்டோ போகிற வேகத்தில் வேண்டாம். முதலில் பாடிப் பாருங்கள், பிறகு தேடுங்கள். மிஸ்ஸுக்கு வாசித்துக் காட்டிவிட்டு இடது கைக்கு என்ன செய்வதென்று கேளுங்கள்.

சுருக்கமாகச் சில:

*இடது கைப் பிள்ளை பியானோ பழகலாமா?* தாராளமாக. அவர்களின் இடது கையைப் பார்த்து எனக்கே பொறாமை வரும்.

*கீயில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டலாமா?* வேண்டாம். இரண்டு கறுப்பு, மூன்று கறுப்பு என்று கூட்டமாக இருப்பதைப் பார்த்துத்தான் இடம் தெரிய வேண்டும். இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் இருப்பது சி. முடிந்தது.

*நகம்?* வெட்டுங்கள். ஒவ்வொரு கிழமையும்.

*யூடியூபில் வெளிச்சம் விழும் வீடியோ பார்த்துப் பழகலாமா?* வெளிச்சத்தைத் துரத்தப் பழகலாம். காது அந்த நேரம் சும்மா இருக்கும்.

எனக்கு 38 வயது. மகளைச் சேர்க்கும்போது நானும் சேரலாமா? சிரிப்பார்களோ என்று யோசனை.
— ஒரு தகப்பன், கொள்ளுப்பிட்டி

சேருங்கள். நீங்கள் மாதக்கணக்கில் பழகினாலும் மகள் உங்களை முந்திவிடுவாள், அதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நோட்டு வேகமாக விளங்கும், விரல் கேட்காது. அவளுக்கு மறுவளம். ஒரே புத்தகத்தை எடுக்காதீர்கள், ஒரே நேரத்தில் வகுப்புக்கும் வராதீர்கள். வீட்டில் அவள் பிழைவிட்டால் திருத்துவது ரீச்சரின் வேலை, நீங்கள் பிழைவிட்டால் மட்டும் அவள் திருத்தலாம். நகத்தை நீங்களும் வெட்ட வேண்டும்.